ஒரு எட்டில் தாண்டுகிற எல்லை

போன வருடத்துக்கு முந்தின மாசி மாதம் மகள் வேலை விஷயமாக ஜேர்மனியின் ஹோஃப் நகரத்துக்குப் போனாள். திரும்பி வந்த இரவு, சாப்பாட்டு மேசையில் போனை என் பக்கம் தள்ளி இரண்டு படங்களைக் காட்டினாள். இரண்டிலும் மஞ்சள் ஊர்ப்பலகை. இரண்டிலும் பெயர் ஒன்றுதான்: மோட்லாரொய்ட். கீழே இருந்த சின்ன எழுத்துதான் வேறு. ஒன்றில் பவேரியாவின் டோப்பன், மற்றதில் தூரிங்கியாவின் கெஃபெல். “அப்பா, இது நாற்பது ஐம்பது பேர் இருக்கிற ஊர். ஜேர்மனியைப் பிரிச்ச சுவர் விழுந்து முப்பத்தஞ்சு வருசமாகுது. இன்னும் இரண்டு மாநிலமாத்தான் இருக்கு. ஒண்டாக்காமல் விடுறதெண்டால் பிறகு என்னத்துக்குச் சுவரை இடிச்சவை?” என்று கேட்டாள்.

நானும் அதைத்தான் சொல்வேன் என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன். ஆனால் கேள்வி போகவில்லை. எல்லை, கோடு, சோதனைச் சாவடி என்றாலே எனக்கு வயிறு கலங்கும். இந்த உலகத்தில் கோடு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருப்பவன் நான். அப்படியிருக்க, அந்த ஊர்ச் சனங்கள் தாங்களாகவே ஏன் கோட்டை வைத்திருக்கிறார்கள்? சட்டம் தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது. ஜேர்மன் அரசியல் சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி, 50,000 பேருக்கு மேற்படாத ஒரு பகுதியை இரண்டு மாநிலங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டே மாற்றிக்கொள்ளலாம். ஐம்பது பேர் ஊருக்கு அது பெரிய காரியமில்லை. வேண்டும் என்றிருந்தால் எப்போதோ நடந்திருக்கும். இதை மனதில் போட்டு உருட்டிக்கொண்டே ஏழு மாதம் போய்விட்டது. புரட்டாதியில் இரண்டு நாள் லீவு கிடைத்தது. காரை எடுத்துக்கொண்டு போனேன்.

ஓடை

மோட்லாரொய்ட் ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டோப்பன் பக்கமிருந்து வந்தால், வயல்களுக்கு நடுவே ரோட்டு வளைந்து இறங்கும்போதுதான் கூரைகள் தெரிய ஆரம்பிக்கும். சுற்றிவரக் காடும் புல்வெளியும். ஹோஃப் வட்டாரத்தை ‘பவேரியாவின் சைபீரியா’ என்பார்கள், அவ்வளவு குளிர். பெயரின் முடிவில் வருகிற ‘ரொய்ட்’ என்ற சொல்லுக்குக் காடு வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். இந்தப் பக்கத்து ஊர்களில் பாதிக்கு அந்த வால் உண்டு, பைரொய்ட் உட்பட. காட்டை வெட்டினவர்கள் தண்ணீர் இருந்த இடத்தில் குடியேறினார்கள். அந்தத் தண்ணீர்தான் டன்பாக் என்கிற ஓடை.

ஓடை என்று சொல்லும்போது பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். நான் பார்த்த அன்று கணுக்காலளவு தண்ணீர். இரு கரையிலும் நாணல் மாதிரி ஒரு புல். காலை அகட்டி ஒரு எட்டு வைத்தால் மற்றக் கரை. ஊரின் நடுவே, வீடுகளுக்கும் களஞ்சியங்களுக்கும் இடையால் அது சத்தம் போடாமல் போகிறது.

இந்த ஓடை எல்லையானது ஹிட்லராலோ ஸ்டாலினாலோ இல்லை. அதற்கு முன்பே இரண்டு பிரபுக்களின் நிலங்கள் இங்கே முட்டிக்கொண்டு நின்றன. நெப்போலியன் காலத்து மாற்றங்களில் பைரொய்ட் சிற்றரசு பவேரியாவின் கைக்கு வந்தது 1810இல். அப்போது ஓடை வழியே எல்லைக்கற்கள் நட்டார்கள். ஒரு பக்கம் பவேரிய முடியாட்சிக்கு ‘கா பே’ (KB) என்ற எழுத்துகள், மறு பக்கம் ரொய்ஸ் சிற்றரசுக்கு ‘எஃப் எர்’ (FR). 1920இல் ரொய்ஸ் போன்ற சிற்றரசுகள் சேர்ந்து தூரிங்கியா மாநிலம் ஆனபோதும் கற்கள் அசையவில்லை. அந்தக் கற்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றின் முன்னால் குந்தியிருந்து பார்த்தேன். முழங்காலுயரம்கூட இல்லை. பாசி பிடித்து ஒரு மூலை தேய்ந்துபோயிருந்தது. விரலை வைத்து எழுத்தைத் தடவித்தான் வாசிக்க முடிந்தது.

நூற்று முப்பத்தைந்து வருடம் அந்தக் கற்களால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வரி கட்டுகிற இடம்தான் வேறு. ஊருக்கு ஒரு பள்ளிக்கூடம், அது தூரிங்கியப் பக்கம். ஊரின் மதுக்கடையும் அங்கேதான். கோயிலுக்கு எல்லோரும் பவேரியப் பக்கம் டோப்பனுக்கு நடந்து போனார்கள். பவேரியப் பிள்ளை காலையில் தூரிங்கியாவுக்குப் போய்ப் படித்தது, தூரிங்கியக் கிழவி ஞாயிற்றுக்கிழமை பவேரியாவுக்குப் போய்ச் செபம் சொன்னாள். இதை வாசித்தபோது எனக்கு இலங்கையில் எங்கள் ஊர் வேலிதான் ஞாபகம் வந்தது. கிளுவைக் கதியாலும் கிடுகும் வைத்து வருடா வருடம் அடைப்பார்கள். அரை அடி அரக்கிவிட்டான் என்று நீதிமன்றம் வரை போய்ச் சண்டை பிடிப்பார்கள். ஆனால் அதே வேலியில் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு இருக்கும். அதை ஒருவரும் அடைக்கமாட்டார்கள். அம்மா அதற்குள்ளால்தான் பக்கத்து வீட்டு மாமியிடம் போவாள், மாமி அதற்குள்ளால்தான் எங்கள் குசினிக்கு வருவாள்.

வரைபடத்தில் இருந்த கோடு

இந்தச் சின்னக் கோடு உலகத்தின் கோடான கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறமாட்டாது. 1944 புரட்டாதியில் லண்டனில் நேச நாடுகளின் பிரதிநிதிகள் உட்கார்ந்து, தோற்கப்போகிற ஜேர்மனியை எப்படிப் பங்குபோடுவது என்று பேசினார்கள். புதிதாகக் கோடு கீறுவதைவிட ஏற்கனவே இருக்கிற மாநில எல்லைகளைப் பிடித்துக்கொள்வது சுலபம். தூரிங்கியா சோவியத் பக்கம், பவேரியா அமெரிக்கப் பக்கம். அவ்வளவுதான். 1810இல் நட்ட கற்கள் அப்படியே அந்தப் பெரிய எல்லையாகிவிட்டன. 1945 சித்திரையில் தூரிங்கியாவைப் பிடித்தது அமெரிக்கர்கள்தான். அந்த ஒப்பந்தப்படி ஆடி மாதத் தொடக்கத்தில் விட்டுவிட்டுப் போனார்கள். சோவியத் படை வந்தது. ஊரின் ஒரு கரையில் ஒரு வல்லரசு, மறு கரையில் மற்றது.

அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் வழி இருந்தது. அனுமதிச் சீட்டை வைத்துக்கொண்டு மறு கரையில் இருக்கிற தங்கள் வயலுக்குப் போய்வந்தார்கள். 1949இல் சோவியத் பக்கம் கிழக்கு ஜேர்மனி, மற்றப் பக்கம் மேற்கு ஜேர்மனி என்று இரண்டு ஜேர்மனிகள் ஆனபோது ஓடை இரண்டு நாடுகளின் எல்லையானது. கதவு அடைபட்டது 1952இல். அந்த வைகாசி 26ஆம் திகதி கிழக்கு ஜேர்மனி எல்லை நெடுக ஒழுங்குவிதி போட்டது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் உழுது விட்ட வெற்றுப் பட்டை, அதற்குள் கால் வைத்தால் சுடுவார்கள். அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடை வலயம். தூரிங்கிய மோட்லாரொய்ட் முழுக்க அந்த 500 மீட்டருக்குள் விழுந்தது. சொந்தத் தங்கைச்சி வந்து பார்ப்பதற்கும் அனுமதி எடுக்கவேண்டும். இராத்திரியில் வெளியே வரக்கூடாது.

அடுத்த மாதமே, எல்லையோரத்தில் நம்பமுடியாதவர்கள் என்று நினைத்த குடும்பங்களை லொறியில் ஏற்றி உள்நாட்டுக்கு அனுப்பினார்கள். முழு எல்லையிலும் 8,000 பேருக்கு மேல். அந்த நடவடிக்கைக்கு வழங்கிய பெயர் ‘உங்கெட்ஸீஃபர்’. பூச்சி புழு என்று அர்த்தம். வீட்டில் மூட்டைப்பூச்சி வந்தால் சொல்கிற சொல். ஒரு அரசாங்கம் தன் சொந்தச் சனத்தை அந்தச் சொல்லால் குறித்தது என்பதை முதல்முறை வாசித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

ஓடைக்கரையில் முதலில் ஆளுயரப் பலகை வேலி, பிறகு முள்ளுக்கம்பி, 1966இல் கொங்கிரீட் சுவர். 3.30 மீட்டருக்கு மேல் உயரம், 700 மீட்டர் நீளம். அமெரிக்கச் சிப்பாய்கள் இந்த ஊருக்கு ‘சின்ன பேர்லின்’ என்று பெயர் வைத்தார்கள். மேற்குக் கரையிலிருந்து பார்க்க பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. 1983 மாசியில் அப்போதைய அமெரிக்க துணை ஜனாதிபதி ஜோர்ஜ் புஷ்ஷும் வந்து நின்று பார்த்தார். ஆனால் கிழக்குக் கரையில் இருந்தவர் மேற்கே பார்த்துக் கை காட்டக்கூடாது, கூப்பிட்டால் பதில் சொல்லவும் கூடாது. என்னைக் கொல்வது இதுதான். சுவரைவிட இதுதான். ஒரே பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்தவன் மேற்குக் கரை மேட்டில் நின்று கை காட்டுகிறான். நீ முற்றத்தில் நிற்கிறாய். கையைத் தூக்கக்கூடாது. 1973 வைகாசியில் ஒருவர் காரைச் சுவரோடு ஒட்ட நிறுத்தி, ஏணி வைத்து ஏறிக் குதித்துத் தப்பினார். மற்றவர்கள் இருந்தார்கள். வேறு என்ன செய்வது?

நான் வந்த வழி

இதில் என் கதையும் ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1985 வைகாசியில், இருபது வயதில், மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கினேன். அந்த நாளில் இலங்கையிலிருந்து வந்த எத்தனையோ பெடியள் வந்த பாதை அது. கிழக்கு ஜேர்மனி கடவு விசா தரும். ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெ நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ரயில் ஏறினால் மேற்கு பேர்லின். மேற்குப் பக்கத்தில் கடவுச்சீட்டுப் பார்க்கமாட்டார்கள், ஏனென்றால் அதை ஒரு நாட்டு எல்லையாகவே அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்களைப் போகவிட்டது இரக்கத்தால் என்று நான் நம்பவில்லை. விமானச் சீட்டுக் காசு ஒரு பக்கம், மேற்குக்கு நெருக்கடி கொடுக்கிற கணக்கு இன்னொரு பக்கம். மேற்கு ஜேர்மனி பேசி முடித்து, அதே வருடம் ஆடி மாதத்தில் எங்களுக்கு அந்த வழி அடைபட்டது. இரண்டு மாதம் பிந்தியிருந்தால் நான் இல்லை.

ஃபிரீட்ரிக்ஸ்ட்ராசெயில் அந்தச் சீருடைக்காரர் என் கடவுச்சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. முத்திரை குத்துகிற சத்தம் கேட்கும்வரை மூச்சு விடவில்லை. அதே நாட்டின் சீருடைதான் அதே நாளில் மோட்லாரொய்ட்டில் ஒரு கிழவி கையைத் தூக்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறது. எனக்கு விட்ட பொட்டை அவளுக்கு விடவில்லை. அந்தப் பொட்டுக்குள்ளால் வந்த உயிர் இது என்பதால், அந்த நாட்டைத் திட்டும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தும். பிள்ளைகளிடம்கூட இதை நான் ஒழுங்காகக் கதைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை

நான் போன நாள் 2024 புரட்டாதி 20, வெள்ளிக்கிழமை. ஊரின் நடுவே சுவரின் ஒரு துண்டை அப்படியே விட்டிருக்கிறார்கள். வெள்ளையடித்த சுவர், காவல் கோபுரம், வேலித் துண்டுகள் எல்லாம் சேர்ந்து இப்போது திறந்தவெளி அருங்காட்சியகம். சுவரின் உச்சியில் ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், ஏறுகிறவன் பிடிக்கமுடியாமல் கை வழுக்கவேண்டும் என்று. பக்கத்தில் போய் நின்றேன். நிழலுக்குள் குளிர்ந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று ஒன்றுமே தெரியாது. ஓடையின் சத்தம் மட்டும் கேட்டது. அந்தச் சத்தத்தை இவர்கள் இருபத்துச் சொச்சம் வருடம் பார்க்காமல் கேட்டிருக்கிறார்கள்.

பிறகு சுவர் முடிகிற இடத்தைச் சுற்றி வந்து ஓடைக்கரைப் புல்லில் நின்றேன். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா, இறப்பர் சப்பாத்துப் போட்டபடி, தூரிங்கிய வீடு ஒன்றிலிருந்து வந்தார். கையில் ஒரு தட்டு, மேலே துணி மூடியிருந்தது. வணக்கம் சொன்னேன். நின்று கதைத்தார். பக்கத்து வீட்டுக் கிழவருக்கு ப்ளம்ஸ் பழக் கேக் கொண்டுபோகிறாராம். பக்கத்து வீடு என்று அவர் தாடையால் காட்டியது பவேரியாவை. “எங்களுக்கு இன்றைக்கு லீவு, அவர்களுக்கு வேலைநாள். பிள்ளைகள் எல்லாம் போயிருப்பார்கள், கிழவர் தனியாக இருப்பார்” என்றார். தூரிங்கியாவில் அந்த நாள் சிறுவர் தினம் என்று 2019இலிருந்து விடுமுறை. ஓடைக்கு அந்தப் பக்கம் கிடையாது. அதேமாதிரி ஐப்பசி 31 சீர்திருத்த நாள் இந்தக் கரையில் லீவு, மறுநாள் புனிதர் தினம் அந்தக் கரையில் லீவு. ஐம்பது பேருக்கு இரண்டு தபால் இலக்கம், 07926, 95183. தொலைபேசிக் குறியீடு இரண்டு. கார் எண்தகடு இரண்டு. வணக்கம் சொல்வதும் இரண்டு: ஒரு கரையில் ‘கூட்டன் டாக்’, மற்றதில் ‘குரூஸ் கொட்’.

மகளின் கேள்வியை அவரிடமே கேட்டேன். ஏன் இன்னும் ஒரே ஊராகச் சேர்க்கவில்லை? அவருக்குக் கேள்வி விளங்கவில்லை. என் ஜேர்மன் உச்சரிப்பாக்கும் என்று நினைத்து இன்னொரு தரம் நிறுத்திச் சொன்னேன். என்னைப் பார்த்தார், ஓடையைப் பார்த்தார். பிறகு, இந்த மனுசனுக்குக் கண் தெரியவில்லையோ என்பதுபோல முழங்கையால் காட்டி, “பாலம் இருக்கிறதே” என்றார். தட்டைச் சரித்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்தபடி நடந்து தாண்டினார். பத்து அடிகூட இல்லை.

நான் அப்படியே நின்றேன். எத்தனை வருடமாக நான் கோட்டையும் சுவரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறேன்! இந்த அம்மாவின் ஆட்கள் இந்த ஓடையை எல்லையாக வைத்துக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தவர்கள். அவர்களிடமிருந்து பிடுங்கப்பட்டது ஒற்றுமை என்கிற பெரிய சொல் அல்ல, தாண்டிப் போய்வருகிற நடை. 1989 மார்கழி 9ஆம் திகதி, பேர்லின் திறந்து சரியாக ஒரு மாதம் கழித்து, இங்கே சுவரில் ஒரு வழி திறந்தார்கள். அன்றைக்குச் சனம் கேட்டதும் அதைத்தான், ஆள் நடந்து போக ஒரு வழி. 1990 ஆனி 17இல் இயந்திரம் வந்து சுவரின் பெரும்பகுதியைத் தள்ளியது. ஓடையை யாரும் மூடச் சொல்லவில்லை, எல்லைக்கல்லைப் பிடுங்கச் சொல்லவில்லை.

கோட்டை நகர்த்துவது பெரிய தர்மம் என்று நான் நினைத்திருந்ததும் பிழை. 1945 புரட்டாதியில், இங்கிருந்து வடமேற்கே, அமெரிக்கர்களுக்குத் தேவைப்பட்ட ஒரு ரயில் பாதை சோவியத் பகுதிக்குள் கொஞ்சம் நுழைந்து வந்தது. வான்ஃபிரீட் என்ற சிற்றூரில் அதிகாரிகள் கையெழுத்துப் போட்டு ஊர்களை மாற்றிக்கொண்டார்கள். ஹெஸ்ஸனின் ஐந்து ஊர்கள் சோவியத் பக்கம் போயின, தூரிங்கியாவின் இரண்டு அமெரிக்கர்களிடம் வந்தன. காலையில் ஒரு நாட்டில் எழும்பினவன் அடுத்த நாற்பத்தைந்து வருடத்தை இன்னொன்றில் கழித்தான். அங்கே கோடு நேரானது, சனத்துக்கு என்ன கிடைத்தது?

இதை எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது. கோடு இருந்தால் பரவாயில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. பாசி பிடித்த அந்தக் கல் நூற்று முப்பத்தைந்து வருடம் சும்மா கிடந்தது உண்மை. லண்டனில் வரைபடத்தை விரித்தபோது, வெட்டுவதற்கு வசதியாக அங்கே கிடந்ததும் அதுதான். நிர்வாகத்துக்காக நட்ட கல்லைத் துவக்குக்காரன் எடுத்துக்கொள்ள ஒரு இரவு போதும். அதனால் அந்த ஊர்க்காரர்கள் சுவரின் துண்டை வைத்திருப்பது சரி என்றே நினைக்கிறேன். முழுவதையும் இடித்திருந்தால், இப்போது ஓடைக்கரையில் விளையாடுகிற பிள்ளைக்கு இந்தத் தண்ணீரைப் பார்த்து ஒன்றுமே தோன்றாது. எனக்குக் கிடைத்த பொட்டைப் பற்றியும் நான் வீட்டில் சொல்லத்தான் வேண்டும், மகளின் கேள்விக்குப் பதிலாக இல்லாவிட்டாலும்.

வெயில் சாய்கிற நேரம்வரை அங்கேயே ஒரு வாங்கில் இருந்தேன். ஹோஃப் மாவட்ட எண்தகட்டோடு ஒரு உழவு இயந்திரம் தூரிங்கியப் பக்கம் போய்த் திரும்பி வந்தது. ஒரு பூனை பாலத்தை விட்டுவிட்டு ஓடைக்குள்ளால் கல்லுக்குக் கல் பாய்ந்து போனது. எழும்பிக் காரடிக்கு நடக்கும்போது அந்த அம்மா பவேரியாவிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டு தலையாட்டினார். அதே தட்டுத்தான், துணி மடித்து ஒரு ஓரத்தில் கிடந்தது. தட்டில் ஆறு முட்டைகள். உருண்டு விழாமல் பெருவிரலால் அணைத்துப் பிடித்திருந்தார்.